மிதியில் பிறந்த சந்தம்
(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இளமையில் மிதிவண்டியில் சுற்றிய நினைவு ஒரு வாத்தியக் குழுவின் இசையாக மலர இயலுமா? இயலும் என்பதே என் கருத்து. பயணத்தின் அசைவு உடம்பில் தங்கிப் பின்னர் இசையாவது புதிதன்று. ஆங்கில இசையமைப்பாளர் வாகன் வில்லியம்ஸ் 1903ஆம் ஆண்டு முதல் சிற்றூர்தோறும் சென்று, பலமுறை மிதிவண்டியிலேயே சென்று, எளிய மக்களின் பாடல்களைத் திரட்டினார். 1923இல் இராணுவ பாண்டு வாத்தியக் குழுவிற்கென அவர் அமைத்த இசைத்தொகுப்பு நாட்டுப்பாடல்களின்மீதே எழுந்தது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சங்கரன்கோவில் வட்டாரத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்து, முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தவர். ஊற்றுமலை சமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைப் பாடலாகப் பிறந்தவையே அவருடைய காவடிச்சிந்துகள் என்பர். நடப்போரின் காலே அங்குத் தாளம். அந்நடையை நாதசுரமும் தவிலும் பம்பையும் ஏற்றுக்கொண்டன. நமக்கு வாய்த்த ஊதுகருவிக் குழு அதுவே.

அச்சன்புதூரில் ஒன்பது வயதில் வாடகை மிதிவண்டியில் நான் குரங்குப்பெடல் போட்டேன். குறுக்குக் கம்பியின் கீழே காலை நுழைத்து ஓட்டுகையில் முழுச்சுற்று வாராது. மிதித்து, பின்னிழுத்து, ஒரு கணம் தாங்கி, மறுபடியும் மிதிக்க வேண்டும். மிதி, இழுப்பு, தாங்கல் என அதுவும் மூன்று. 'தகிட' என்னும் திசிர நடை. சாரல் காலத்தில் மலையை நோக்கிச் செல்கையில் மேல்காற்று மார்பில் மோதும், நடை கனக்கும். திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ள, நடை துள்ளும். ஒரே சாலை இரண்டு காலப்பிரமாணங்களைக் கற்பித்தது.

நான் பூப்பெய்தியதும் வீட்டார் மிதிவண்டியை நிறுத்திவிட்டனர். அதற்குச் சற்று முன்னர்தான், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். முத்து பாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு அவர்களின் கீதமாயிற்று. அப்பாட்டு எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

பின்னாளில் சிந்து யாப்பை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றேன். சீர்களை எண்ணினேன், அடிகளை அளந்தேன். என் கால் அறிந்திருந்த சந்தம் அவ்வாய்வேட்டில் ஓரிடத்திலும் இல்லை. சென்ற ஆண்டு வகுப்பில் நான் கரும்பலகையில் சீர் பிரித்துக்கொண்டிருந்தபோது, நாள்தோறும் மிதிவண்டியில் வரும் மாணவி ஒருத்தி தன்னையறியாமல் தரையில் காலால் தாளமிட்டாள். என் விளக்கத்தைவிட அது தெளிவாயிருந்தது.

கவிஞர்களே, சந்தத்தை விரல்விட்டு எண்ணுவதோடு அமையாதீர்கள். உங்கள் கால்கள் இளமையில் எவ்வழியே சென்றன என்று நினைந்து பாருங்கள். அடுத்த ஆண்டு விழாவிற்குள் அந்த மலைச்சாலைக்கு ஒரு சிந்து எழுதி, நம்மூர் மேளக்காரர்களிடம் தருவதாக இவ்வவையில் வாக்களிக்கிறேன். போகும்போது மெதுவாகவும், திரும்பும்போது விரைவாகவும் அவர்கள் வாசிக்கட்டும்.