ஒளிய இடம் கொடுத்தா வெளிய வரும்

மீன் தொட்டி பத்திப் பேச ஆரம்பிச்சதுல இருந்து அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "செர்ரி இறால் பத்து வாங்கி விட்டேன். இப்போ நாலுதான் கண்ணுல படுது. மத்தது செத்துப்போச்சா?"

தொட்டியில வேற என்ன இருக்குன்னு திருப்பிக் கேட்பேன். கலர் கல்லு, ஒரு பிளாஸ்டிக் செடி, நல்ல லைட், கூடவே ரெண்டு ஏஞ்சல் மீன். அப்படின்னா செத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இறால் வளரணும்னா மேல் ஓட்டைக் கழற்றியாகணும், பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி. புது ஓடு கெட்டியாகிற வரைக்கும் உடம்பு மெத்துன்னு இருக்கும். அந்த நேரத்துல சின்ன மீன்கூட அதைப் பிய்ச்சுத் தின்னுடும். இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. பெண் இறால் இணை சேர்றது, அப்படி ஓடு கழற்றின உடனேதான். அதாவது வாழ்க்கையிலயே அது பலவீனமா இருக்கிற நேரமும், அடுத்த தலைமுறை உருவாகிற நேரமும் ஒண்ணு. அப்போ மறைவு இல்லன்னா ரெண்டும் போச்சு. கடையில இதையெல்லாம் 'டெக்கரேஷன்'னு சொல்லி விக்கிறாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கல.

இணை சேர்ந்த பிறகு முட்டைகளை வயித்துக்குக் கீழே, நீச்சல் கால்கள்ல வச்சு விசிறிக்கிட்டே இருக்கும். சூட்டைப் பொறுத்து மூணு, நாலு வாரம் ஆகும். பொரிஞ்சு வர்ற குஞ்சு சுமார் 2 மில்லிமீட்டர்தான், ஆனா முழு இறாலோட உருவத்துல இருக்கும். உப்புத்தண்ணி எதுவும் தேவையில்ல. (அமானோ இறால் அப்படி இல்ல, அதோட குஞ்சுக்கு உப்பு கலந்த தண்ணி வேணும். அது தெரியாம காத்திருக்கிறவங்க நிறைய.) இந்தக் குஞ்சுங்க இரை தேடி ரொம்ப தூரம் போகாது. நிக்கிற இடத்துல படிஞ்சிருக்கிற மெல்லிய பாசிப்படலத்தை மேஞ்சுக்கிட்டே வளரும். அதனாலதான் ஜாவா மாஸ் ஒரு கைப்பிடி போடச் சொல்றேன். வீடும் அதுதான், சாப்பாட்டுத் தட்டும் அதுதான்.

அப்புறம் பாதாம் இலை. பருப்பு பாதாம் இல்ல, நம்ம தெருவுல குடை மாதிரி நிக்குதே, அந்த நாட்டு வாதுமை. தானா பழுத்து விழுந்து காய்ஞ்ச இலையா எடுங்க. புகையும் பூச்சிமருந்தும் படாத மரமா இருக்கணும். கழுவிப் போட்டா ரெண்டு மூணு நாள்ல அடியில படியும். தண்ணி டீ நிறத்துக்கு மாறும், பயப்படாதீங்க.

"இவ்வளவு போட்டா மீனே தெரியாதே?"ன்னு கேப்பீங்க. நடக்கிறது நேர்மாறு. வெறும் தொட்டியில மீன் ஃபில்டருக்குப் பின்னாடி நிறம் வெளுத்து ஒட்டிக்கிட்டு நிக்கும். ஓடி ஒளிய இடம் பக்கத்துலயே இருக்குன்னு தெரிஞ்சாதான் நடுவுக்கு வரும். சிக்லிட் வகை மீனுக்கு உடைஞ்ச மண் தொட்டி ஒண்ணைக் கவுத்து வச்சுப் பாருங்க. கூர்மையான ஓரத்தை மட்டும் தேய்ச்சிடுங்க. முட்டையிட அந்த மேற்பரப்பையே எடுத்துக்கலாம்.

கப்பி குட்டி போடப்போகுதுன்னதும் சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள அடைக்கிறாங்க. நெருக்கடியில தாய் மிரண்டுபோகும். அதைவிட மேலே மிதக்கிற செடியை அடர்த்தியா விடுறது நல்லது. குட்டிங்க நேரா அதுக்குள்ள பாயும். சிலதைத் தாயே தின்னும்தான், எல்லாத்தையும் தின்ன முடியாது.

மறைவு மட்டும் போதாது, ரெண்டு விஷயம் சொல்லிடறேன். ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையா இருக்கட்டும், இல்லன்னா குஞ்சு உள்ள இழுபட்டுப் போயிடும். மீனுக்கு மருந்து ஊத்தும்போது பாட்டில்ல செம்பு இருக்கான்னு பாருங்க. மீன் தாங்குற அளவு செம்பே இறாலைக் கொன்னுடும்.

கடைசியா, அடியில வெள்ளையா இறால் மாதிரி ஒண்ணு கிடந்தா உடனே எடுத்துப் போட்டுடாதீங்க. கண்ணாடி மாதிரி வெறுமையா இருந்தா அது கழற்றின ஓடுதான், விட்டுவைங்க, இறாலே கொறிச்சுத் தின்னும். இளஞ்சிவப்பா, உள்ள சதையோட இருந்தாதான் செத்தது. எண்ணிப் பாக்கணும்னா லைட்டை அணைச்சு ஒரு மணி நேரம் கழிச்சு, மாஸ் பக்கம் டார்ச் அடிங்க.