ஆம்பூர் தேக்சாவில் எந்தக் கறி?

ஆம்பூர் பிரியாணி என்று பேச்செடுத்தாலே ஆற்காட்டு நவாபின் சமையல்கட்டில் கொண்டுபோய் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. இருக்கலாம். நவாபுக்கும் ஆம்பூருக்கும் ஐயத்துக்கு இடமில்லாத உறவு ஒன்று உண்டு: 1749இல் நவாப் அன்வருதீன் கான் ஆம்பூர்ப் போரில்தான் கொல்லப்பட்டார். அது சமையல் உறவல்ல. அரண்மனைப் பெருமையை ஒதுக்கிவிட்டு, பிரியாணி வேகும் தேக்சாவைப் பார்த்தாலே இந்தக் கலையின் தரம் தெரிந்துவிடும். ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதுதான் நிறத்துக்கும் காரத்துக்கும் பொறுப்பு. பட்டை, கிராம்பு, ஏலம் எண்ணெயில் பொரிந்ததோடு சரி. மசாலாத்தூளைக் கொட்டிக் குவிப்பதில்லை. சீரகச் சம்பாவைத் தனியே முக்கால் பதத்தில் வடித்து, வெந்த கறியோடு சேர்த்து, மூடிமேல் கங்கை அள்ளிப்போட்டுத் தம் கட்டுகிறார்கள். கைப்பக்குவம் முழுவதும் அந்த வடிக்கும் வேளையில் இருக்கிறது. பிந்தினால் அந்தப் பொடி அரிசி பொங்கலாகிவிடும். முந்தினால் தம்மிலும் வேகாமல் நறுக்கென்று நிற்கும். பக்கத்தில் புளியில் குழைந்த கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி. குங்குமப்பூ காட்டி மயக்காத அடக்கமான சமையல் இது.

இந்தச் சமையலை மத ஒற்றுமையின் அடையாளம் என்று புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் வீட்டில் உருது பேசும் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் உண்டு. தோல் ஊறும் தொட்டிகளில் இறங்கி வேலைசெய்தவர்களில் தலித்துகள் ஏராளம். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதமாகிக் கப்பலேறியதால் வளர்ந்த ஊர்கள் இவை. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தத் திட்டமிட்டபோது, மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் தரவில்லை. எதிர்ப்பு கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிவைக்கப்பட்டது. மாட்டின் தோலால் செழித்த ஊரின் விருந்தில் அதன் கறிக்கு இலை இல்லை என்றால், ஒற்றுமை என்ற சொல்லை யாரைக் கணக்கில் வைத்துச் சொல்கிறோம்?

ஆம்பூருக்குப் பேர் வாங்கித் தந்தது ஆட்டுக்கறி பிரியாணிதானே என்பார்கள். சென்னை–பெங்களூரு சாலையில் வண்டியை நிறுத்துபவர்கள் பெரும்பாலும் கேட்பது அதைத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழா எடுத்தது ஒரு கடையின் பேருக்கு அல்ல, ஊரின் பேருக்கு. ஒரு தெருவில் உண்பதை ஊரின் உணவில் சேர்க்கவில்லை என்றால், அங்கே உண்பவர்களையும் சேர்க்கவில்லை என்றுதானே பொருள்? அரசு விழாவில் பிறர் மனம் புண்படக்கூடாதே என்ற வாதம் இதைவிடக் கனமானது. மாட்டுக்கறி உண்ணாதவரின் உணர்வு மதிக்கத்தக்கதுதான். அதற்குத் தனி அடுப்பு, தனிப் பந்தி, தெளிவான பெயர்ப்பலகை போதும். கோழியும் ஆடும் மணக்கும் பந்தலுக்குள் சைவ உணவுக்காரர் எவரும் இழுத்துவரப்படுவதில்லை. அவர் மனம் புண்படுமே என்று யாரும் விழாவை நிறுத்தியதுமில்லை. ஆக, கறி பொதுவாகப் பிரச்சினை இல்லை. ஒரு கறி மட்டும்தான் பிரச்சினை.

கலை என்று எடுத்துக்கொண்டாலும் இந்த விலக்கு பொருந்தவில்லை. மிளகாய் விழுது அதே, அரிசி அதே, கங்கும் அதே. மாட்டுக்கறி ஆட்டுக்கறியைவிட நேரமெடுத்து வேகும். நார் தளர்ந்து, ஆனால் துண்டு உடையாமல் இருக்கும் பதத்தைப் பார்த்துத்தான் வடித்த அரிசியைக் கொட்டவேண்டும். அந்தப் பதம் பார்க்கிற மாஸ்டருக்குக் கூடுதல் தேர்ச்சி வேண்டும். அவர் இறக்கும் தட்டுதான் கடைவீதியில் விலை குறைந்தது.