பண்ணைப் பாலம் இல்லாத மாலை

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் வேலை முடிந்தபின் எப்படி ஆறுவது என்று பேசும்படி செயலாளர் அக்கா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறத் தெரிந்தவரிடம் அல்லவா இதைக் கேட்க வேண்டும்! ஆறத் தெரியாமல் பட்டதைச் சொல்லலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கணக்குக் காரியாலயத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். ஐந்து மணிக்கு வேலணை பஸ். பண்ணைப் பாலத்தில் ஏறியவுடன் யன்னலால் உப்புக்காற்று அடிக்கும். இரு பக்கமும் பரவைக் கடல், வலை கட்டிய கம்புகள், அவற்றில் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். மண்டைதீவுச் சந்தி தாண்டும்போது பகலில் மேலாளர் சொன்ன சொல்லில் பாதி மறந்திருக்கும். வீட்டுப் படலையைத் திறக்கும்போது மீதியும் போய்விடும். அந்தப் பாலம் எனக்குச் செய்துவந்த உதவி, அது இல்லாமல் போனபின்தான் தெரிந்தது. நெடுந்தீவுக்குப் போய்ப் படிப்பித்த எமது ஆசிரியைகளைக் கேட்டுப் பாருங்கள். குறிகட்டுவானுக்கு வரும் கடைசிப் படகைத் தவறவிட்டால் அன்றிரவு அங்கேதான். அதனால் வேலை நேரத்துக்கு முடிந்தே தீரும்.

2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டார்கள். சாப்பாட்டு மேசை காரியாலயமானது. அடுத்த வருடம் லண்டனில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதத் தொடங்கினேன். அங்கு காலை ஒன்பது மணி என்றால் எமக்குக் கோடையில் பின்னேரம் ஒன்றரை, மாரியில் இரண்டரை. மாரியில் வேலை முடிய இரவு பத்தரை ஆகும். ஊர் உறங்கிவிடும். நாய்கள் மட்டும் விழித்திருக்கும். வேலை முடிந்ததும் கொஞ்சத் தூரம் நடவுங்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பத்தரை மணிக்கு வேலணை ஒழுங்கையில் ஒரு பெண் தனியே நடந்தால் அடுத்த நாள் ஊருக்கு அதுதான் கதை.

ஆகவே நடக்கவில்லை. மடிக்கணினியை மூடாமலே சாப்பிட்டேன். படுக்கையில் கைத்தொலைபேசியில் கடிதம் பார்த்தேன். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்கள் நினைவிருக்கும். நாடு திட்டியது. நான் உள்ளூர மகிழ்ந்தேன். மின்கலம் செத்ததும் விறாந்தையில் அம்மாவோடு விசிறியும் கையுமாய் இருந்த அந்த இரவுகள்தான் எனக்கு அந்த வருடத்தில் கிடைத்த ஓய்வு. மின்சாரம் சீரானதும் நானும் பழையபடி ஆனேன்.

பிறகொரு பின்னேரம் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். காதில் ஒலிவாங்கியோடு கூட்டத்தில் இருந்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பின் தேத்தண்ணீர் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணீருக்காகத்தான் பார்த்தேன் என்பதை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை. மணிக்கட்டு முறிந்திருந்தது. "கூப்பிட்டனான் பிள்ளை. நீ வேலையா இருக்கிறாய் எண்டு பிறகு விட்டிட்டன்" என்றார். ஒரே வீட்டில், இருபது அடி தூரத்தில்.

அம்மாவும் வீட்டிலிருந்தே உழைத்தவர். பனையோலை வார்ந்து பெட்டியும் கடகமும் இழைத்து எங்களைப் படிப்பித்தார். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் ஓலையைச் சுருட்டிக் கட்டி மூலையில் வைப்பார். கழிவோலையைக் கூட்டி அள்ளுவார். கை கால் கழுவுவார். அதன்பின் இழைக்க மாட்டார். அவருக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அடுத்த நிமிடம் குசினி. இன்றும் எம்மில் பலருக்கு ஒரு வேலை முடிவது மற்றதைத் தொடங்கத்தான். ஆனாலும் ஓலை வேலை முடிந்தது என்பது அவருக்கும் எங்களுக்கும் தெளிவாகத் தெரியும்.

ஜெர்மனியைச் சேர்ந்த சபீனா சொன்னென்டாக் என்ற உளவியலாளர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். காரியாலயத்தை விட்டு உடல் வந்தால் போதாது, மனமும் வேலையிலிருந்து விலக வேண்டும் என்பது அவர் ஆய்வின் மையம். சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் வருகிறது. பிரான்ஸில் 2017 முதல் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. கனடாவிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்ராறியோச் சட்டம் தெரிந்திருக்கும். 25 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம் இதற்கென எழுத்தில் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும். கொள்கை இருக்க வேண்டும் என்கிறதே தவிர, கடிதம் அனுப்பாதே என்று அது சொல்லவில்லை. வாசித்துப் பார்த்து ஏமாந்தேன்.

ஆகவே நானே ஒன்று செய்துகொண்டேன். வேலை முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நாளைக்கு மிச்சம் உள்ளதை ஒரு கொப்பியில் மூன்று வரியில் எழுதுவேன். எழுதாவிட்டால் அது படுக்கைக்கும் கூட வருகிறது. மடிக்கணினியைப் பழைய சேலைத் துண்டால் சுற்றி அலுமாரிக்குள் வைப்பேன். கைத்தொலைபேசியிலிருந்து காரியாலயக் கடிதப்பெட்டியை எடுத்துவிட்டேன். மேலாளரிடம் அதைச் சொல்ல மூன்று கிழமை பயந்தேன். அவர் "சரி" என்று ஒரு சொல்லில் பதில் போட்டார். பிறகு கிணற்றடியில் முகம் கழுவி, அம்மா விழித்திருந்தால் அவரோடு விறாந்தையில் இருப்பேன். ஓலை வாரவும் பழகுகிறேன். என் பெட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் சரிகின்றன. அதற்காக எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை.

எல்லா நாளும் இது நடப்பதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது சேலைத்துண்டு கதிரையிலேயே கிடக்கும். அந்த நாட்களில் அம்மா எதுவும் சொல்வதில்லை. வந்து அறை வாசலில் நின்றுவிட்டுப் போவார்.

இன்று சனிக்கிழமை. மடிக்கணினி வேலணையில் கிடக்கிறது. அம்மாவும் இப்பள்ளியின் பழைய மாணவிதான். மூன்றாம் வரிசையில் இருந்துகொண்டு, போதும் முடி என்று சுகப்பட்ட கையால் காட்டுகிறார்.