ரேடியேட்டர் விசிறியைச் சுழற்றுவது யார்?



கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் இங்கே பலர் வந்திருக்கிறீர்கள். பழைய கார் ஒன்று வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களும் இருக்கலாம். இன்றைய பேச்சு ஒரு விசிறியைப் பற்றியது. காரின் முன்பக்கம் ரேடியேட்டர் இருக்கிறது. அதை ஒட்டி ஒரு விசிறி இருக்கிறது. மெக்கானிக் அதை 'ரேடியேட்டர் ஃபேன்' என்பார்.

வண்டியை நிறுத்துகிறீர்கள். சாவியையும் எடுத்துவிட்டீர்கள். எஞ்சின் ஓய்ந்துவிட்டது. ஆனால் சில கார்களில் அந்த விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சில சமயம், நின்றிருந்த விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். பேய் பிடித்தது போல இருக்கும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. காருக்குள் ஒரு சிறிய கணிப்பொறி இருக்கிறது. எஞ்சின் இன்னும் சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அதனால் விசிறியைச் சுற்ற வைக்கிறது.

ஆகவே முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டது என்று நம்பி அந்த விசிறிக்குள் கை விடாதீர்கள். துண்டின் முனை, சேலைத் தலைப்பு, குழந்தையின் விரல் எதுவும் அதன் அருகே போகக் கூடாது. அங்கே கை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள்.

சரி, விசிறி எதற்கு?

பெட்ரோல் எரிகிறது. அதில் கிடைக்கும் சக்தி எல்லாம் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை. மற்றது வெப்பமாகிறது. ஒரு பகுதி புகையோடு வெளியே போகிறது. ஒரு பகுதி எஞ்சினின் இரும்பில் தங்குகிறது. அதை எடுத்துச் செல்லத்தான் எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அதில் கூலண்ட் கலந்திருக்கும். சூடேறிய தண்ணீர் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் போகிறது. காற்று பட்டுக் குளிர்கிறது. திரும்ப எஞ்சினுக்கு வருகிறது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும். வண்டி நிற்கும்போதுதான் தொல்லை. டெல்லியில் மே மாத மதியம். வெயில் 45 டிகிரி. சிக்னலில் வண்டிகள் நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறது, காற்று இல்லை. அப்போது விசிறிதான் காற்றை இழுத்துத் தர வேண்டும்.

பழைய அம்பாசடர் காரை நினைத்துப் பாருங்கள். அதில் விசிறிக்குத் தனி மோட்டார் கிடையாது. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வரும். பெல்ட் சுற்றினால் விசிறி சுற்றும். எளிய ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு குறை. நெரிசலில் எஞ்சின் மெதுவாக ஓடும். விசிறியும் மெதுவாகச் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாக வரும். பெரிய சாலையில் வேகமாகப் போகும்போதோ விசிறி தேவையே இல்லை. அப்போதுதான் அது மும்முரமாகச் சுற்றும். எஞ்சினின் பலத்தில் கொஞ்சத்தையும் தின்னும்.

1983-ல் மாருதி 800 வந்தது. அதில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டது. குறுக்காக இருக்கும் எஞ்சினிலிருந்து முன்னால் பார்க்கும் விசிறிக்குப் பெல்ட் போடுவது எளிதல்ல. இப்படிப்பட்ட கார்களில் விசிறிக்குத் தனி மின்மோட்டார் வைத்தார்கள். அதை ஓட்ட ஒரு வெப்ப சுவிட்ச் இருந்தது. தண்ணீர் சூடானால் சுவிட்ச் சேரும், விசிறி சுற்றும். ஆறினால் சுவிட்ச் விலகும், விசிறி நிற்கும். அதற்கு வேறு எதுவும் தெரியாது.

பிறகு புகைக் கட்டுப்பாடு வந்தது. டெல்லியின் காற்று மிகவும் கெட்டுப்போயிருந்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் 2000 ஏப்ரல் 1 முதல் பதிவு செய்யும் தனியார் கார்கள் யூரோ 2 அளவுக்குள் புகை விட வேண்டும் என்றது. பழைய கார்புரேட்டரால் இதைச் சமாளிக்க முடியவில்லை. பெட்ரோலைத் துளித்துளியாக அளந்து தெளிக்கும் முறை வந்தது. அளப்பதற்கு ஒரு கணிப்பொறி வேண்டியிருந்தது. மெக்கானிக்குகள் அதை 'ஈசிஎம்' என்பார்கள், 'ஈசியு' என்பார்கள். ஒரு தகரப் பெட்டிதான். அளவில் ஒரு புத்தகம் போல இருக்கும். பின்னால் கொத்துக் கொத்தாக வயர் போகும்.

பெட்ரோலைச் சரியாக அளக்க, எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கணிப்பொறிக்குத் தெரிய வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். சூடானால் குறைவாகப் போதும். ஆகவே தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு வெப்ப சென்சார் வைத்தார்கள். வெப்பம்தான் தெரிந்துவிட்டதே, விசிறியையும் அதனிடமே விட்டுவிடலாம் என்று ஆகிவிட்டது. இப்படித்தான் விசிறி கணிப்பொறியின் கைக்குப் போனது.

இந்த சென்சார் விரல் நுனி அளவுதான் இருக்கும். குளிராக இருந்தால் அது மின்சாரத்தை அதிகமாகத் தடுக்கும். சூடாக ஆகத் தடை குறையும். தடையை 'ஓம்' என்ற அளவால் சொல்வார்கள். பல கார்களில் 20 டிகிரியில் தடை சுமார் 2,500 ஓம் இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓம் ஆகிவிடும். கணிப்பொறி 5 வோல்ட் மின்சாரம் அனுப்பிப் பார்த்து, தடையைக் கொண்டு வெப்பத்தைக் கணக்கிடுகிறது.

பல கார்களில் 95 முதல் 100 டிகிரிக்குள் வந்ததும் விசிறி சுற்றும். நான்கைந்து டிகிரி இறங்கிய பிறகு நிற்கும். தொடங்குவதும் நிற்பதும் ஒரே டிகிரியில் இருந்தால் என்ன ஆகும்? நொடிக்கு நொடி சுற்றும், நிற்கும். மோட்டார் கெட்டுவிடும். அதற்காகத்தான் அந்த இடைவெளி.

வெப்ப சுவிட்சுக்குத் தெரியாதது கணிப்பொறிக்குத் தெரியும். ஏசி போட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் சூடாகும். அதனால் ஏசி போட்டதுமே விசிறியைச் சுற்ற வைக்கும். வண்டி நல்ல வேகத்தில் போகிறதா? எதிர்க்காற்று போதும் என்று சில கார்களில் விசிறியை நிறுத்திவிடும். கொஞ்சம் சூடென்றால் மெதுவாக, அதிகம் சூடென்றால் வேகமாகச் சுற்ற வைக்கும் கார்களும் உண்டு.

ஆனால் கணிப்பொறி தானே மோட்டாருக்கு மின்சாரம் தருவதில்லை. விசிறி மோட்டார் 10, 15 ஆம்பியர் இழுக்கும். அதைவிடக் கூடுதலாக இழுப்பவையும் உண்டு. அவ்வளவு மின்சாரம் போனால் கணிப்பொறி எரிந்துவிடும். அதனால் நடுவில் ரிலே என்ற ஒரு சிறு பெட்டி இருக்கிறது. கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டரைப் பார்த்திருப்பீர்கள். சின்ன பொத்தானை அமுக்குகிறீர்கள். உள்ளே காந்தம் இழுத்து 'டக்' என்று பெரிய சுவிட்ச் சேர்கிறது. ரிலேயும் அதே வேலைதான் செய்கிறது. கணிப்பொறி சின்ன மின்சாரத்தால் ரிலேயை இழுக்கும். ரிலே பெரிய மின்சாரத்தை மோட்டாருக்கு விடும். பேட்டரி, ஃபியூஸ், ரிலே, மோட்டார்: மின்சாரம் போகும் வழி இவ்வளவுதான்.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டிய இடம். வாடகைக் கார் ஓட்டுபவர்களின் பணம் போகும் இடம் இது.

ஒரு நாள் விசிறி சுற்றவில்லை. வண்டி சூடாகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார் ஓட்டுநர். மெக்கானிக் பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கிறார். "ஃபேனை டைரக்ட் கொடுத்துவிட்டேன்" என்கிறார். அதாவது கணிப்பொறியை ஒதுக்கிவிட்டு, மோட்டாருக்கு நேராக வயர் இழுத்துவிட்டார். சாவி போட்டாலே விசிறி சுற்றும்படி செய்திருப்பார். இல்லாவிட்டால் ஸ்டியரிங் அருகே தனி சுவிட்ச் வைத்திருப்பார். ஓட்டுநருக்கும் மகிழ்ச்சி. செலவு குறைவு, விசிறி ஜோராகச் சுற்றுகிறது.

நடுவழியில் வண்டி நின்று, ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் இதைச் செய்யலாம். அதில் தவறில்லை. அதையே வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் தவறு.

தனி சுவிட்ச் வைத்தால் அதைப் போட மனிதருக்கு நினைவிருக்க வேண்டும். இரவு முழுதும் ஓட்டிய களைப்பு. பின்னால் பயணி அவசரப்படுத்துகிறார். அந்த நேரத்தில் சுவிட்ச் நினைவுக்கு வருமா? ஒரே ஒரு முறை மறந்தாலும் போதும். எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்து, கேஸ்கட் போய்விடும். வண்டி நாள்கணக்கில் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். அத்தனை நாளும் வாடகை வருமானம் இல்லை. கடன் தவணை மட்டும் வரும். கெட்டுப்போன ரிலேயை அன்றே மாற்றியிருந்தால் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

ஃபியூஸ் இல்லாமல் வயர் இழுப்பவர்களும் உண்டு. மெல்லிய வயரில் 15 ஆம்பியர் போனால் வயர் சூடாகி உருகும். வண்டி தீப்பிடிக்கவும் கூடும்.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். விசிறி சுற்றாததற்குக் காரணம் சென்சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விசிறியை டைரக்ட் கொடுத்ததால் சென்சார் சரியாகிவிடவில்லை. அதே சென்சார்தான் பெட்ரோல் அளவையும் சொல்கிறது. சூடான எஞ்சினைக் குளிர்ந்த எஞ்சின் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தால், கணிப்பொறியும் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும். புகை கூடும். "வண்டி பெட்ரோல் குடிக்கிறது" என்று ஓட்டுநர் புலம்புவார். காரணம் விசிறியில் மறைந்திருக்கும்.

சிலர் இன்னும் கெட்டிக்காரர்கள். சென்சாரின் இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். சென்சாரைக் காணாவிட்டால், பல கார்களில் கணிப்பொறி எச்சரிக்கையாக விசிறியை ஓட விடும். எஞ்சின் சூடாகிக் கெடுவதைவிட விசிறி வீணாகச் சுற்றுவது மேல் என்று அதைச் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அது ஆபத்துக்கு வைத்த வழி. அதைத் தினசரி வழியாக்கினால் பெட்ரோல் அளவு குத்துமதிப்பாகிவிடும். மஞ்சள் எஞ்சின் விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும். நாளைக்கு வேறு கோளாறு வந்தாலும் அதே விளக்குதான் எரிய வேண்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கணிப்பொறி தன் குறையை எண்ணாகச் சொல்லும். பி0117, பி0118 என்று வந்தால் வெப்ப சென்சாரையோ அதன் வயரையோ பார்க்க வேண்டும். பி0480 என்று வந்தால் விசிறியின் ரிலே, வயர் பக்கம் பார்க்க வேண்டும். எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

கருவி இல்லாமலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். விசிறி சுற்றுகிறதா? சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரைச் சந்தேகப்படுங்கள். சுற்றாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அடுத்தது ரிலே. பல கார்களில் ஹாரனின் ரிலேயும் விசிறியின் ரிலேயும் ஒரே மாதிரி இருக்கும். மேலே உள்ள எண் ஒன்றாக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். விசிறி சுற்றிவிட்டால் ரிலேதான் குற்றவாளி.

இவற்றுக்கெல்லாம் முன்னால் தண்ணீரைப் பாருங்கள். கணிப்பொறிக்குக் கண் கிடையாது. சென்சார் சொல்வதுதான் அதற்குத் தெரியும். ரேடியேட்டரில் ஒழுக்கு இருந்து தண்ணீர் குறைந்துபோனால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். எஞ்சின் கொதிக்கும்போதும் சூடில்லை என்றே சொல்லும். விசிறி சுற்றாது. கணிப்பொறி மேலும் தவறில்லை, விசிறி மேலும் தவறில்லை. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் டப்பாவில் அளவுக் கோட்டைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

வழியில் முள் மேலே ஏறினால் முதலில் ஏசியை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும். ஆனால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். அதற்கும் அடங்காவிட்டால், அல்லது ஆவி வந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் போய்விடும். தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கண் போனவர்கள் உண்டு. குறைந்தது அரை மணி நேரம் விடுங்கள். மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியிருந்தால், மூடியின் மேல் தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லத் திருகுங்கள். 'உஸ்' என்று சத்தம் வந்தால் அப்படியே நிறுத்துங்கள். சத்தம் அடங்கிய பிறகு முழுதும் திறக்கலாம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அப்போதும் விசிறிப் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாவி உங்கள் பையில் இருந்தாலும் அது சுற்றக் கூடும்.