தாற்றுக்கோல் பட்ட இடம்



பிரேசில் நாட்டின் தென்கோடியில் ரியோ கிராந்தே தோ சுல் என்றொரு மாநிலம் உண்டு. கண்ணுக்கெட்டிய மட்டும் புல்வெளி. அதில் மாடு மேய்ப்பதையே வாழ்வாகக் கொண்ட குதிரைவீரர் கூட்டம். மந்தையை ஓட்டிச் செல்லும் அவர்கள் கையில், நுனியில் கூரிய இரும்பு பதித்த நீண்ட கோல் ஒன்று இருக்கும். அதற்குப் பிக்கானா என்று பெயர். அது மாட்டின் பின்புறத்தில், வாலடிக்குச் சற்று மேலே குத்தும். குத்துப்படும் அவ்விடத்துத் தசைக்கு அக்கோலின் பெயரே பிக்காஞா என்று அமைந்தது எனச் சொற்பிறப்புக் கூறுவர். உலகப் பெருநகரங்களின் உணவு விடுதிகளில் உயர்ந்த விலைக்குப் பரிமாறப்படும் இறைச்சித் துண்டொன்றின் பெயர், மாடோட்டியின் கைக்கோலிலிருந்து பிறந்திருக்கிறது.

அந்தக் கோல் அம்பாசமுத்திரத்தார் அறியாத பொருளன்று. ஊரார் வாய்வழக்கில் அது தார்க்குச்சி, நூல்வழக்கில் தாற்றுக்கோல். தாமிரபரணிக் கரையின் நன்செய்களில் உழவு எந்திரம் இறங்குவதற்கு முன், எத்தனையோ தலைமுறை அக்கோலின் குறிப்பறிந்தே ஏர்மாடுகள் நடந்தன. கோலும் ஒன்று, அது படும் இடமும் ஒன்று. ஆயினும் அந்த இடத்துத் தசைக்குத் தமிழில் ஓர் உணவுப் பெயர் இல்லை. அது ஏன் என்பதே இவ்வுரையின் வினா. அம்பையில் வாழும் ஒருவர் அத்துண்டைத் தேடிப் பெற்றுத் தம் வீட்டு முற்றத்தில் சுட்டுண்ண விரும்பினால் என்ன செய்யக்கூடும் என்பதும் அதனோடு சேர்ந்ததே. இலக்கிய மேடையில் அடுப்புக்கு என்ன வேலை என்று கேட்போர் பத்துப்பாட்டை மீண்டும் ஒருமுறை புரட்டுவது நலம்.

பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன் வாயிலுக்கு வந்த பொருநனை ஊட்டும் பகுதி, ஊன் சமையலின் நுட்பமறிந்தவர் பாடியது. அறுகம்புல் தின்று கொழுத்த ஆட்டின் தொடை வெந்து வருகிறது. அதன்பின் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுப்புள்ள துண்டுகள் வருகின்றன. சூடு பொறாமல் உண்போர் அதனை வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்கின்றனர். இரவும் பகலும் ஊன் தின்ற பற்கள், கொல்லையை உழுது தேய்ந்த கொழுவைப்போல் மழுங்கின என்கிறார் முடத்தாமக்கண்ணியார். உழவுக் கருவியையும் ஊன் தின்ற பல்லையும் ஓருவமைக்குள் வைக்க அப்புலவர்க்குத் தயக்கமில்லை. இறைச்சி கோக்கும் அக்கம்பிக்குக் காழ் என்று பெயர். பிரேசிலில் இன்றும் இறைச்சி சுடும் முறை அதுவே: காழ், கனல், கல்லுப்பு.

சுட்ட இறைச்சிக்குச் ‘சூடு’ என்றே ஒரு பெயர் இருந்தது. சிறுபாணாற்றுப்படையில் எயிற்றியர் விருந்தினர்க்கு இடுவது ஆமானின் சூடு. ஆமான் என்பது காட்டுப் பசு. அம்பைக்கு மேற்கே, களக்காடு – முண்டந்துறைக் காட்டில் காட்டு மாடென்று இன்று சுட்டப்படும் விலங்கினத்தை அதனோடு பொருத்திக் காண்பர். (1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் காக்கிறது, அது பாட்டில் மட்டும் உணவாக இருக்கட்டும்.) வீட்டு மாடும் விலக்கில்லை. அகநானூற்றின் 309-ஆம் பாட்டில், கவர்ந்து வந்த ஆநிரையில் கொழுத்த பசு ஒன்றைத் தெய்வம் உறையும் வேம்பின் அடியில் மழவர் பலியிட்டு, அதன் ஊனைச் சமைத்து உண்கின்றனர். புறநானூற்றின் 14-ஆம் பாட்டில் கபிலர், சேரன் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம், தம் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் ஊன்சோறு உண்ணுவதன்றி வேறு தொழில் அறியாமையே என்கிறார். அவ்வூன், பூமணம் கமழும் புகை ஊட்டப்பட்டது. தம்மை அந்தணன் என்று சொல்லிக்கொண்ட புலவர் இதைப் பாடினார். ஊனுண்ணாக் குடியில் பிறந்த உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் பதிப்பித்தபோது இதையெல்லாம் உள்ளபடியே அச்சேற்றினார். கூச்சம் பாட்டிலுமில்லை, பதிப்பிலுமில்லை. வகுப்பறையில் இவ்விடங்கள் எவ்வளவு விரைவாகக் கடக்கப்படுகின்றன என்பதை மாணவராய் இருந்தோர் அறிவர்.

இடையில் நிகழ்ந்தது ஒரு பிரிவினை. மாட்டை அறுத்துண்டவர்க்கு எழுத்தின் பக்கம் வர இடம் தரப்படவில்லை; எழுதியவர்க்கோ அவ்வுணவைப் பெயரிட்டுச் சொல்லக் கூச்சம் வந்தது. அதனால் ஆட்டுக்குச் சொல்வளம் பெருகிற்று: தொடைக்கறி, நெஞ்செலும்பு, நல்லி, ஈரல், சுவரொட்டி என்று வாங்குபவரும் விற்பவரும் நொடியில் ஒத்துக்கொள்ளும் பெயர்கள் எத்தனை! மாட்டுக்கு அவ்வாறு பெருகவில்லை. சில வீடுகளில் அது ‘பெரிய கறி’ என்று குரல் தாழ்த்திச் சொல்லப்படும் ஒற்றைப் பெயராகவே சுருங்கிற்று. சேரியில் மிஞ்சிய இறைச்சியை உப்பிட்டுக் கயிற்றில் கோத்து வெயிலில் உலர்த்தி, உப்புக்கண்டமாக்கி, மழை மாதங்களுக்குக் காத்து வைத்த பெண்கள், எந்தத் தசை எளிதில் உலரும், எது நாராய்ப் போகும் என்பதைக் கைவிரலால் அறிந்திருந்தனர். அவ்வறிவு அகராதிக்குள் புகவில்லை. பாமாவின் ‘கருக்கு’ வெளிவந்த 1992-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தலித் எழுத்து வலுப்பெற்ற பின்னரே அவ்வடுக்களைகள் தமிழ்ப் பக்கங்களில் தலைநிமிர்ந்து நின்றன.

வியப்பு இன்னொன்று உண்டு. பிரேசில் மாடுகளில் மிகப் பெரும்பான்மை இன்று திமிலுடைய இந்திய வழியினவே. அவற்றுள் தலையாயது நெலோரி. நெல்லூர் என்னும் ஊர்ப்பெயரே போர்த்துக்கேய நாவில் அவ்வாறு ஆயிற்று. இங்கே அவை ஓங்கோல் மாடுகள். 1868-இல் இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த கப்பலொன்று பிரேசிலின் சால்வடோர்த் துறையில் தங்கியபோது, அதிலிருந்த ஓர் இணை அங்கேயே விற்கப்பட்டதாக அந்நாட்டு மாடு வளர்ப்போர் தம் வரலாற்றைத் தொடங்குவர். அப்போது நெல்லூர், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். கவுச்சோக்களின் தென்மாநிலத்தில் ஐரோப்பிய இனங்களும் மிகுதி என்றாலும், அந்நாடு முழுதும் கம்பியில் ஏறும் பிக்காஞாவில் பெரும்பங்கு ஓங்கோல் வழியினதே. திமிலையும் அவர்கள் விடவில்லை. அதனைக் கூப்பிம், அதாவது கறையான் புற்று, என்று பெயரிட்டு நெடுநேரம் சுட்டு உண்கின்றனர். வடிவைக் கண்டு வைத்த பெயர். மாடு இங்கிருந்து சென்றது, பெயர் அங்கே பிறந்தது.

பெயரின்மை வெறும் இலக்கியக் குறையன்று. அது கடையில் தெரியும். அம்பையிலிருந்து கிழக்கே, பெரிய மாட்டுச் சந்தை கூடும் மேலப்பாளையம் வரை ஒருவர் சென்று தேடலாம். கடையில் ‘ஒரு கிலோ’ என்றால், எலும்பும் சதையும் கலந்து, குழம்புக்கு ஏற்றவாறு சிறு துண்டுகளாக வெட்டித் தருவர். எந்தத் தசை எங்கிருந்தது என்பது கத்தி இரண்டு முறை இறங்கியவுடன் அழிந்துவிடும். எனவே விடியற்காலையில், பின்னங்கால் முழுதாகத் தொங்கும்போதே செல்ல வேண்டும். இடுப்பெலும்புக்கு மேல், வாலடியை ஒட்டி, மேற்புறம் கொழுப்பு மூடிய முக்கோணத் தசையைக் கையால் சுட்டிக் காட்டி, வெட்டாமல் முழுதாகக் கேட்க வேண்டும். பிரேசிலில் அது ஏறத்தாழ ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். அதற்கு மேற்பட்டால், கீழுள்ள முரட்டுத் தொடைத்தசையையும் சேர்த்து விற்றுவிட்டார்கள் என்று அங்குள்ளோர் ஐயுறுவர். நாட்டு மாட்டில் இன்னும் சிறியதாகவே இருக்கும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு அகவை. பிரேசிலில் இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாடு இளமையிலேயே அறுக்கப்படும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாதது, அல்லது காயத்தாலோ தீராநோயாலோ நிலையாக முடங்கியது எனச் சான்று பெற்ற மாட்டையே அறுக்கலாம். எருமைக்கும் இதுவே விதி. பசுவையும் கிடாரியையும் அறுப்பதை 1976-ஆம் ஆண்டு அரசாணை தடுத்தது. ஆகவே இங்குக் கிடைப்பது பெரிதும் உழைத்து ஓய்ந்த காளையின் தசை. தாற்றுக்கோல் உண்மையாகவே பல்லாண்டு பட்ட இடம் அது. அதன் நார் தடித்தது, கொழுப்பு மெலிந்தது. பிரேசில் முறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவோர்க்குக் கிட்டுவது செருப்புத் தோலே.

முறையை மாற்றிக்கொள்ளலாம். அறுத்த அன்றே சுடாமல், துடைத்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் தசை தளரும். சுடுவதற்குச் சில மணி நேரம் முன்பு பப்பாளிக்காய் விழுதை மெல்லப் பூசித் துடைப்பது நம் சமையலறைகள் அறிந்த உத்தி. கூடினால் இறைச்சி கூழாகும். நாரின் போக்கிலேயே மூன்று விரல் கனத்தில் துண்டு போட்டு, கொழுப்பு வெளிப்புறம் இருக்கப் பிறைபோல் வளைத்துக் கம்பியில் கோக்க வேண்டும். கொழுப்புப் போதாவிடின் அதே கடையில் தனியே வாங்கிய கொழுப்பை இடையிடையே கோக்கலாம். மசாலா வேண்டாம். தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை ஒன்றிரண்டாக நொறுக்கித் தூவினால் போதும். மிளகாய்த்தூளைக் கைவிட மனம் வராதவர் அதனைத் தொட்டுக்கொள்ள வைத்துக்கொள்ளட்டும்.

முற்றத்தில் இருபுறமும் நான்கு செங்கல் அடுக்கினால் அடுப்பாயிற்று. சீமைக்கருவேல் கரி நன்றாகக் கனலும். சுடர் அடங்கி, கரி வெண்ணீறு பூத்த பின்னரே கம்பியை ஏற்ற வேண்டும். முதலில் கொழுப்புப் பக்கம் கனலை நோக்கட்டும். உருகிச் சொட்டும் நெய் கரியில் விழுந்து எழுப்பும் புகையே கபிலர் பாடிய புகைக்கு நெருங்கிய உறவு. பிரேசிலார் உள்ளே செம்மை மாறாமல் இறக்குவர். நாடாப்புழு அச்சம் உள்ள இடத்தில், முதிர்ந்த மாட்டின் இறைச்சிக்கு அது ஏற்றதன்று. கம்பியை உயர்த்தி, பொறுமையாகத் திருப்பித் திருப்பி உள்வரை வேகவிட வேண்டும்.

இறக்கியதும் வெட்டக்கூடாது. சிறிது நேரம் ஆறவிட்டு, கூரிய கத்தியால் நாருக்குக் குறுக்கே, வெற்றிலைக் கனத்தில் சீவ வேண்டும். முதிர்ந்த தசை பல்லுக்கு இசைவது இந்தச் சீவலில்தான். உள்ளே வேகாத பகுதி தெரிந்தால் உப்புத் தூவி மீண்டும் கனலுக்கு அனுப்பலாம். அங்கும் அதுவே வழக்கம். உடன் அம்பை 16 அரிசிச் சோறும் சின்ன வெங்காயமும் போதும். மிஞ்சியது மறுநாள் மிளகும் கறிவேப்பிலையும் சேர்ந்து சுக்காவாகும்.