இரண்டு பேட்ச் மாணவன்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



காலையில் வாசலில் பேட்ஜ் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி, "எந்த வருஷம் சார்?" என்று கேட்டார். "79 பி.காம்., 2001 எம்.ஏ. இதழியல்" என்றேன். "ஒண்ணுதான் சார் எழுத முடியும்" என்றார். "அப்படின்னா ரெண்டு பேட்ஜ் கொடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டேன். இதோ, இரண்டையும் குத்திக்கொண்டுதான் நிற்கிறேன். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இருபத்திரண்டு வருஷத்தைப் பற்றித்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் பிறந்தவர்களுக்கு மில் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லில் ஆரம்பித்த கதை அது. 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு, ஊரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பியது. எங்கள் வீட்டில் கடிகாரம் கிடையாது, மில் சங்குதான் கடிகாரம். பி.காம். முடித்த 1979 டிசம்பரிலேயே ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்துவிட்டேன். மூன்று ஷிப்டிலும் உள்ளே வருபவர்களின் டோக்கன் நம்பரைப் பதிவது, லீவு, ஓவர்டைம் கணக்குப் பார்ப்பது, இதுதான் வேலை. எண்ணூறு பேர். முகத்தைப் பார்த்தால் நம்பர் வரும், நம்பரைச் சொன்னால் முகம் வரும்.

1998 டிசம்பரில் மில்லை மூடினார்கள். பழைய மெஷின்கள், ஏறிய பஞ்சு விலை, விற்காத நூல் என்று பல காரணம் சொன்னார்கள். காலை ஷிப்டுக்குப் போனால் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்போது எனக்கு வயது 39. மகள் ஒன்பதாம் வகுப்பு.

சட்டப்படி, மூடிய ஆலையில் வேலை பார்த்தவருக்கு ஒவ்வொரு வருஷ சர்வீசுக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்டஈடு. கிராஜுவிட்டி தனி. அந்தக் கணக்கையெல்லாம் மற்றவர்களுக்குப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். ஆனால் கணக்கு வேறு, கைக்கு வருவது வேறு. பி.எப். மட்டும் முதலில் வந்தது. மீதி வந்து சேர ஐந்து வருஷம் ஆயிற்று.

நாலைந்து மாதம் வேலை தேடினேன். மூடிய மில்கள் நிறைய, கிளார்க்குகளும் நிறைய. "டைம் ஆபீசா? இப்பல்லாம் கம்ப்யூட்டர் கார்டு வந்துருச்சுங்களே" என்று ஓர் இடத்தில் சொன்னார்கள். அன்றைக்கு பஸ்சுக்குக் காசிருந்தும் ஏறத் தோன்றாமல், சிங்காநல்லூரிலிருந்து வீடு வரை நடந்தே வந்தேன்.

சின்ன வயதிலிருந்து எனக்கு போட்டோ மேல் ஒரு பிரியம். மில்லில் ஆயுதபூஜை என்றால் யாரிடமாவது கேமரா இரவல் வாங்கி நான்தான் படம் எடுப்பேன். நம் கல்லூரியில் இதழியல் எம்.ஏ. இருக்கிறது, அதில் புகைப்படக்கலை ஒரு பாடம், இருட்டறையும் உண்டு என்று கேள்விப்பட்டேன். வீட்டில் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் ராத்திரி சொன்னேன். தையல் மெஷினில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த என் மனைவி மெஷினை நிறுத்தவில்லை. தைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, பீஸ் கட்டக் கடைசித் தேதி என்னைக்குங்க?"

விண்ணப்பத்தில்தான் வேடிக்கை. என் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பட்டம். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் வந்ததே 1982-ல்தானே! ஆகவே மைக்ரேஷன் சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். அதற்கு மேல், கடைசியாகப் படித்த கல்லூரியிலிருந்து நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டுமாம். கடைசியாகப் படித்ததும் இதே கல்லூரிதான். ஆபீஸ் அண்ணன் 1979-ம் வருஷத்து ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்தார். "இருபது வருஷமா நீங்க ஒழுங்கா இருந்தீங்களான்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தார். ஆனாலும் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். வேலை போன பிறகு, 'இவன் நல்லவன்' என்று எனக்குக் கிடைத்த முதல் காகிதம் அது. இன்னும் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்து "குட்மார்னிங் சார்" என்றார்கள். நான் நேரே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. ஒரு மாதம் 'சார்', அப்புறம் 'அங்கிள்', தீபாவளிக்குள் 'அண்ணா' ஆகிவிட்டேன். போட்டோ பாடம் எடுத்த ஆசிரியர் என்னைவிட எட்டு வயது இளையவர். மற்றவர்கள் தப்புச் செய்தால் திட்டுவார், என்னிடம் மட்டும் "பரவாயில்லைங்க" என்பார். ஒரு நாள் தனியாகப் போய், "சார், அவங்களைத் திட்டற மாதிரி என்னையும் திட்டுங்க. இல்லேன்னா நான் கத்துக்கவே மாட்டேன்" என்றேன். மறுநாளே நன்றாகத் திட்டினார். அன்றைக்குத்தான் நிஜமாக மாணவன் ஆனேன்.

எதற்குத் திட்டினார் என்றால், பிலிம் சுற்றத் தெரியாததற்கு. இன்றைய பிள்ளைகள் இதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். படம் எடுத்த பிலிமைக் கழுவ வேண்டுமானால், முதலில் கும்மிருட்டில் அதை ஸ்பைரல் என்ற சுருளில் கோக்க வேண்டும். பேப்பருக்காவது சிவப்பு விளக்கு உண்டு, பிலிமுக்கு அதுவும் ஆகாது. சுற்றும்போது பிலிம் ஒன்றோடொன்று ஒட்டினால், அந்த இடத்தில் மருந்து பிடிக்காது. படம் போச்சு. இருபது வயதுப் பையன்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். நான் இரண்டு ரோலை வீணாக்கினேன்.

ரிங் பிரேமில் சைடராக இருந்த அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். இந்தக் கஷ்டத்தை அவரிடம் சொன்னேன். "ஏனுங்க தம்பி, ஓடற பிரேம்ல அந்த இழை ஒட்டறதை நாங்க கண்ணால பார்த்தா செய்யறோம்? வெரலு பார்க்கணுமுங்க. கண்ணை மூடிட்டு நூறு தடவை பண்ணுங்க" என்றார். வீணான ரோலை வைத்துக்கொண்டு, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு நூறு தடவை சுற்றினேன். வந்துவிட்டது.

இன்னொரு தொல்லை, தண்ணீர். டெவலப்பர் மருந்தை 20 டிகிரியில் வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்லும். ஏப்ரல் மாதம் நம்ம ஊர்க் குழாயில் அந்தச் சூட்டுக்குத் தண்ணீர் எங்கே வரும்? எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பக்கெட்டில் போட்டு, அதற்குள் பாட்டிலை நிறுத்துவோம். ஐஸ் வாங்கிவர ஓடுகிறவர்களில் நானும் ஒருவன். நாற்பது வயசு ஆளு ஐஸ் வாங்க ஓடறதா என்று முதலில் கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

படிக்கும்போதே ஞாயிறு, முகூர்த்த நாட்களில் ஒரு ஸ்டூடியோ தம்பிக்கு வீடியோ லைட் பிடித்தேன். பிறகு செகண்ட் ஹேண்டில் ஒரு பென்டாக்ஸ் கே1000, ஒரு விவிடார் பிளாஷ் வாங்கி, தனியாக முதல் கல்யாணம் ஒத்துக்கொண்டேன். இங்கே என் தப்பைச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கேமராவில் பிளாஷ் போட்டு எடுத்தால் ஷட்டர் 60-க்கு மேல் போகக் கூடாது. போனால், பிளாஷ் அடிக்கும் நொடியில் திரை முழுசாகத் திறந்திருக்காது. படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சம், மீதி இருட்டு. முந்தின நாள் வெயிலில் 250-ல் வைத்து ஏதோ எடுத்தவன், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். தாலி கட்டி முடிந்து, ரோல் மாற்றும்போது டயலைப் பார்த்தேன். 250. வயிறு கலங்கிவிட்டது. பிரிண்ட் போட்டுப் பார்த்தால், முகூர்த்தப் படம் ஒன்றில்கூட பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து இல்லை. ஒருவர் வெளிச்சத்தில், ஒருவர் கறுப்பில்.

பெண் வீட்டுக்குப் போய், அட்வான்ஸ் இரண்டாயிரத்தைத் திருப்பி வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். பெண்ணின் அப்பா திட்டவில்லை. "தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாதுங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. கேமராவை விற்றுவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மில்லில் நான் எழுதியது போலவே கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு வரி. ஷட்டர், அப்பர்ச்சர், பிலிம் வேகம், பிளாஷ் பேட்டரி என்று கட்டம் கட்டி, டிக் போட்ட பிறகுதான் முதல் படம். 'போட்டோகிராபர் நோட்டு எழுதறாரே' என்று மண்டபங்களில் கேலி செய்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு கல்யாணப் படமும் என் கையில் கெட்டதில்லை. எதற்கும் உதவாது என்று நான் ஒதுக்கிய பத்தொன்பது வருஷ டைம் ஆபீஸ் புத்திதான் என்னைக் காப்பாற்றியது.

கடைசி வருஷ புராஜெக்டுக்கு, எங்கள் மில்லையே எடுத்தேன். மெஷின்களைப் பிரித்து எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட வேலை பார்த்தவர்களை அவரவர் நின்ற இடத்தில் நிறுத்தி எடுத்தேன். கேமராவைப் பார்த்தால் நம் ஆட்கள் விறைத்துப்போவார்கள் அல்லவா? நான் டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவேன். உடனே முகம் மாறும். அந்த நொடியில் எடுத்துவிடுவேன். வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் இந்த எண்ணூறு முகம் அவர்களுக்குத் தெரியாது.

2001 மார்ச்சில் அந்தப் படங்களை நம் கல்லூரி ஹாலில் வைத்தோம். மில்காரர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வெளிச்சம், அமைப்பு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. அவரவர் மெஷினைத் தேடினார்கள். சைடர் அண்ணன் ஒரு படத்தின் முன் நின்று, பக்கத்தில் இருந்த பேரனிடம், "கண்ணு, இதுதான் என் பிரேமு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. 2011-ல் அவர் காலமானபோது, அவர் மகன் வந்து அந்தப் படத்தைத்தான் கேட்டார். பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் வீட்டில் மாலையோடு இருக்கிறது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பெருமையான படம் அதுதான்.

அதோடு படிப்பு முடிந்ததா என்றால் இல்லை. 2004 வாக்கில் டிஜிட்டல் வந்தது. கஷ்டப்பட்டுக் கற்ற இருட்டறை வேலைக்கு வேலையில்லை. கோடாக் கம்பெனியின் இன்ஜினியர் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்து காட்டியவர். அதே கோடாக் 2012-ல் திவால் மனு கொடுத்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே தடுமாறியபோது நான் எம்மாத்திரம்? பழைய வகுப்புத் தோழன் ஒருவனிடம் போய், "தம்பி, மவுஸை எப்படிப் பிடிக்கறது?" என்று மூன்றாவது முறையாக மாணவன் ஆனேன். இந்தத் தடவை கூச்சம் இல்லை.

மாணவச் செல்வங்களே, நீங்களும் ஒரு நாள் வேலையை இழக்கலாம். அப்படி நடக்க வேண்டாம் என்றுதான் வேண்டுகிறேன். நடந்தால், எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறோமே என்று மட்டும் நினைக்காதீர்கள். பழைய வேலை கொடுத்த கையும் கண்ணும் கூடவே வரும். தெரியாததைச் சின்னவர்களிடம் கேட்கக் கூசாமல் இருந்தால் போதும்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர் யாராவது வேலை இழந்து, திரும்பப் படிக்க வந்தால், முதல் வருஷக் கட்டணத்தைச் சங்கம் கட்ட வேண்டும். முதலில் வருகிற ஒருவருக்கு நான் கட்டுகிறேன். அடுத்தவருக்கு இந்த ஹாலில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருவர் வந்து ஆபீஸ் ஜன்னலில் தயங்கி நின்றால், அந்தப் பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து, நல்லவர் என்று எழுதிக் கொடுங்கள்.