ஊருக்குக் காவல் யார்?

(ஒடுகத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



கிராமத்தில் உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பு என்பதைப் பற்றி நாம் இன்று பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள். நாம் பெரிய பரீட்சை எதிலும் தேறியவரல்ல. பள்ளிக்கூடத்தை விட்ட பின் கையில் கிடைத்ததைப் படித்தும், ஊர் ஊராய்ச் சுற்றிக் கண்ணால் கண்டும் தெரிந்து கொண்டதையே பேசுகின்றோம். ஆகையால் நாம் சொல்வதை அப்படியே ஒப்புக் கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளி விடுங்கள்.

இந்தப் பக்கத்தில் எந்தக் கிராமத்து எல்லைக்குப் போனாலும் ஒரு முனீஸ்வரன் கையில் அரிவாளோடு முறைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரைக் கேட்டாலும் அவர்தான் ஊருக்குக் காவல் என்கிறார்கள். நல்லது. அப்படியானால் அவர் கோயில் கதவில் தொங்குகின்ற பூட்டு யாருக்குக் காவல்? உண்டியலை எவனோ உடைத்துக் கொண்டு போனால் பூசாரி எங்கே ஓடுகிறார்? முனீஸ்வரனிடமா, போலீஸ் ஸ்டேஷனுக்கா? சாமியை நம்பச் சொல்லுகிறவரே பூட்டை நம்புகிறார். நாம் அவரைக் குறை சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர் பகுத்தறிவுக்காரராக இருக்கிறார் என்றுதான் சொல்லுகின்றோம்.

சாமி காவல் போதாது என்று தெரிந்துதான் அந்தக் காலத்திலேயே மனிதக் காவல் வைத்தார்கள். தெற்கு ஜில்லாக்களில் காவல்காரருக்கு ஊரார் காவல் கூலி கொடுப்பார்கள். மாடு களவு போனால் அவர் கண்டுபிடித்துத் தர வேண்டும், அல்லது நஷ்டம் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூலி கொடுக்காத ஊரில் மாடு தானாகக் காணாமற் போகும். "துப்புக் கூலி" கொடுத்தால் தானாகத் திரும்பி வரும். வெள்ளைக்கார சர்க்கார் இதற்கு என்ன வைத்தியம் செய்தது? 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று செய்து, 1911ல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டு வந்தது. திருடினவனைப் பிடிப்பதை விட்டு, பிறந்த குழந்தை முதல் ஒரு ஜாதி முழுவதையுமே திருடர் என்று பதிவு செய்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் ஜனங்களை 1920 ஏப்ரல் 3ந் தேதி சுட்டுக் கொன்றது. ஜாதிக்கொரு தலையெழுத்து என்று நம் சாஸ்திரம் சொன்னதற்கும், வெள்ளைக்காரன் சட்டம் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

வேறு தேசத்தார் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போம். நம்மைப் போலவே நெல் விளைவித்துப் பிழைக்கிற தேசம் இந்தோனேசியாவின் ஜாவா. அங்கே கிராமத்து முனையில் ஒரு சிறு காவல் குடிசை இருக்கும். வீட்டுக்கு ஒருவராக முறை வைத்து ராக்காவல் சுற்றுவார்கள். அதற்கு "ரோண்டா" என்று பேர். நாம் ரோந்து என்கிறோமே, கிட்டத்தட்ட அதே சொல். குடிசையில் குடைந்த மரக்கட்டை ஒன்று தொங்கும். திருடன் என்றால் ஒரு மாதிரித் தட்டு, தீ என்றால் வேறொரு மாதிரித் தட்டு. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி வாசலில் வைத்திருப்பார்கள். காவல் சுற்றுகிறவர்கள் அதைச் சேர்த்து ஊர்ப் பொதுவுக்கு வைப்பார்கள். சாமி இல்லை, பூசை இல்லை. ஆளுக்கு ஆள் துணை, அவ்வளவுதான்.

ஆனால் அதே ஜாவாக் கிராமங்களில்தான் 1965, 66ல் கம்யூனிஸ்டுகள் என்று பேர் சொல்லப்பட்ட ஜனங்களை ராணுவமும் அதன் துணைக் கூட்டத்தாரும் ராத்திரியில் இழுத்துக் கொண்டு போய்க் கொன்றார்கள். லட்சக்கணக்கில் மாண்டார்கள். மரக்கட்டையைத் தட்டி என்ன பிரயோஜனம்? திருடன் வந்தால்தானே தட்டலாம்! அதிகாரமே திருடனைப் போல் வந்தால் எதைத் தட்டுவது?

அவ்வளவு தூரம் போவானேன்? 1968 டிசம்பர் 25ந் தேதி இரவு, தஞ்சை ஜில்லா கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் 44 உயிர்களை வைத்துக் கொளுத்தினார்களே, அங்கே ஊர்க்காவல் இல்லையா? இருந்தது. அது நிலத்துக்குக் காவலாக இருந்தது. நிலத்தில் உழுகிறவனுக்குக் காவலாக இல்லை. சேரிக்கும் ஊருக்கும் ஒரே காவல் என்று இல்லாத வரையில் அதற்குக் காவல் என்று பேர் வைப்பதே தப்பு.

இனி, சர்க்கார் காவலைப் பற்றிச் சொல்லுகின்றோம். தர்மபுரி ஜில்லா அரூர்ப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு கிராமம். அங்கே பெரும்பாலோர் மலையாளி என்று சொல்லப்படுகின்ற பழங்குடி மக்கள். நம் தலைக்கு மேலே தெரிகின்ற ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தையிலும் ஜார்தான்கொல்லையிலும் இருப்பவர்கள் அதே மக்கள்தான். சந்தையில் உங்களோடு தோளோடு தோள் இடித்து நிற்கிறவர்கள்தான்.

1992 ஜூன் 20ந் தேதி, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லிக் கொண்டு, வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆகிய மூன்று இலாகாக்காரர்களும் படை திரட்டிக் கொண்டு அந்த ஊருக்குள் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களைப் பிரித்துக் கொண்டு போய்க் கெடுத்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடு கோழிகளை அடித்துத் தின்றார்கள், குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். உயிர், சொத்து, மானம் என்ற மூன்றையும் காப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களே மூன்றையும் சூறையாடினார்கள். அன்று நமக்குப் பத்து வயதிருக்கும். பெரியவர்கள் இதைத் தணிந்த குரலில் பேசிக் கொண்டது இன்னும் காதில் இருக்கின்றது.

பிறகு என்ன நடந்தது? அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்று சர்க்கார் சொல்லிற்று. அந்த ஜனங்கள், நம் தலைவிதி என்று உட்கார்ந்திருந்தால் விஷயம் அன்றோடு முடிந்திருக்கும். மலைவாழ் மக்கள் சங்கத்தாரும் மார்க்சிஸ்ட் கட்சியாரும் துணைக்கு வந்தார்கள். புகார் கொடுத்தார்கள், ஹைக்கோர்ட்டுக்குப் போனார்கள். 1995ல் ஹைக்கோர்ட்டு உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரணைக்கு வந்தது. எழுத்து வாசனையில்லாத பெண்கள் கோர்ட்டில் நின்று, "இவன்தான், இவன்தான்" என்று கை நீட்டிக் காட்டினார்கள். குற்றஞ் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்துப் போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011 செப்டம்பர் 29ந் தேதி தர்மபுரி செஷன்ஸ் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. அவர்களில் 126 பேர் வனத்துறை, 84 பேர் போலீஸ், 5 பேர் ரெவின்யூ. சரியாகப் பன்னிரண்டு வருஷங் கழித்து, 2023ல் அதே செப்டம்பர் 29ந் தேதி, சென்னை ஹைக்கோர்ட்டு அதை உறுதி செய்தது. கெடுக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்கு 10 லட்ச ரூபாய் கொடுக்கவும் உத்தரவிட்டது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றுவதற்காகவே ஏழை ஜனங்கள் பலியாக்கப்பட்டார்கள் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே கண்டிருக்கிறது.

தோழர்களே! 31 வருஷம்! இது சந்தோஷப்பட வேண்டிய கணக்கல்ல, வெட்கப்பட வேண்டிய கணக்கு. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்களுக்கு நியாயம் எந்தச் சாமி கண் திறந்ததாலும் வரவில்லை. எந்தப் பெரிய மனிதர் தயவாலும் வரவில்லை. சேர்ந்து நின்றார்கள், எழுதிக் கொடுத்தார்கள், பயப்படாமல் சாட்சி சொன்னார்கள், அதனால் வந்தது. 2015 ஏப்ரல் 7ந் தேதி சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரப் போலீசார் சுட்டுக் கொன்ற 20 தமிழர்களில் ஜவ்வாது மலைப் பக்கத்தாரும் உண்டு. மரத்தை வாங்கி விற்றுக் கோடீசுவரனானவனைக் குண்டு தேடிப் போகவில்லை. கூலிக்குப் போனவனைத் தேடிப் போயிற்று.

உயிருக்கு ஆபத்து துப்பாக்கியால் மட்டும் வருவதில்லை. 2023 மே மாதத்தில், இதே அணைக்கட்டுத் தாலுகாவிலுள்ள அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ரோடு இல்லாத மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் குழந்தை இறந்து விட்டது. பிரேதத்தைக் கொண்டு வந்த வண்டி மலைப் பாதையில் மேலே போகவில்லை. பெற்றவள் பிள்ளையைக் கையில் ஏந்திக் கொண்டு நடந்தே ஏறினாள். அந்தக் குழந்தையைக் கொன்றது பாம்பு மாத்திரந்தானா? போடாத ரோடும் சேர்ந்தல்லவா கொன்றது!

"மந்திரித்தால் விஷம் இறங்குகிறதே, நாங்கள் கண்ணால் பார்த்தோமே" என்பார்கள். உண்மைதான், இறங்கினாற் போலத் தோன்றும். ஏனென்றால் நம் பக்கத்துப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விஷமே கிடையாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குதான் முக்கியமாய் ஆளைக் கொல்வன. இவையுங்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடிப்பதுண்டு. அப்படித் தானாகப் பிழைத்தவனெல்லாம் மந்திரவாதி கணக்கு. செத்தவன் மட்டும் விதியின் கணக்கு! அந்த நான்கின் விஷத்தையும் முறிக்கிற மருந்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருக்கின்றது. அதற்கு வேண்டிய விஷத்தைப் பாம்பு பிடித்து எடுத்துக் கொடுப்பவர்கள் யார்? வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துகிற இருளர்கள். ஊரார் தீண்டத் தயங்கின ஜனங்களே இன்று ஊரார் உயிரைக் காக்கிறார்கள்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியது என்ன? பாம்பு கடித்தால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கோயிலுக்கு ஓடாதே. அசையாமல் கிடத்தி 108க்குச் சொல். களவோ அடிதடியோ நடந்தால் பஞ்சாயத்துப் பேசி மூடாதே. புகாரை எழுத்தில் கொடு. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசில்லாமல் கேட்டு வாங்கு. அதைக் கொடுத்தே தீர வேண்டுமென்று பழைய சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருக்கிற புதுச் சட்டத்திலும் இருக்கிறது. சுற்றுக் கிராமத்துத் தோழர்கள் கிராம சபைக்குப் போங்கள். ரோடு எங்கே, விளக்கு எங்கே என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் போய் இருட்டின பிறகு வீடு திரும்புகிற நம் பெண்களுக்கு அந்த விளக்கும் பஸ்ஸும், எல்லையில் இருக்கிற முனீஸ்வரனைவிட ஆயிரம் மடங்கு பெரிய காவல். எல்லாவற்றுக்கும் மேலாக, மேல் தெருவுக்குத் திருடன் வந்தால் கீழ்த் தெரு ஓடி வர வேண்டும். சேரிக்குத் தீ வந்தால் ஊர் ஓடி வர வேண்டும். அதற்கு நடுவே நிற்கிற ஜாதிச் சுவரை இடிக்காமல் எந்த ராக்காவல் வைத்தும் பயனில்லை.

பாதுகாப்பு என்பது யாரோ போடுகிற பிச்சையல்ல. யாரோ கொடுக்கிற வரமுமல்ல. கேட்கத் துணிந்தவனுக்குக் கிடைக்கிற உரிமை. வாச்சாத்திப் பெண்கள் கேட்டார்கள். நீங்களும் கேளுங்கள்.